ஒற்று மிகும் இடம்

அத்தியாயம் 6

நாலு மணிக்கு ஒரு பெண்ணின் இருபத்துநாலு வருஷ வேலை போகப்போகிறது. இப்போது மணி பதினொன்று. கமா மேடமோ மேசையில் கெஜட்டை விரித்துப் போட்டுக்கொண்டு, அதில் ஒரே ஒரு எழுத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இப்படி முறைச்சா அது பயந்துபோய்த் தானா உண்மையக் கக்கிடும்னு நெனைக்கிறீங்களா மேடம்?" என்றான் கோந்து.

"கக்கும். வாய மூடிட்டு இரு."

அவர்களுடைய துப்பறியும் ஆபீஸ், டயர் கடைக்கு மேலே ஒரே அறை. அதில் ஒரு மேசை, இரண்டரை நாற்காலி. அந்த அரை நாற்காலி கோந்துவினுடையது, முதுகு கிடையாது. இருவரும் இழுத்து மூடப்பட்ட ஒரு தினசரியிலிருந்து வீதிக்கு வந்தவர்கள். மேடம் அங்கே இருபத்தாறு வருஷம் பிழை திருத்தினார். ஒரு கமாவுக்காக ஓடுகிற மிஷினை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கமா என்பதே பெயராகிவிட்டது. கோந்து அச்சுக்குப் போகும் பக்கங்களை வெட்டி ஒட்டுகிறவன். கம்ப்யூட்டர் வந்து கோந்தைத் துரத்தியது, பெயரை மட்டும் விட்டுவைத்தது. ஒட்டுவதற்குப் பேப்பர் இல்லாமல் போனதும் மேடத்தோடு ஒட்டிக்கொண்டான். நாற்பத்தெட்டு வயது ஆகிறது, வாய் மட்டும் வயசுக்கு வரவில்லை.

மேடம் கெஜட்டை அவன் பக்கம் திருப்பினார். "இதைப் படி."

"'மண்டலத்தின் மின்தேவையில், காற்றிலும் சூரிய ஒளியிலும் இருந்து நாற்பது சதவீதம் வரைப் பெறப்படும்.' படிச்சாச்சு. நாலு நாளா இதைத்தான் படிக்கிறேன். தூக்கத்துல கூட வருது."

"வாரியம் முடிவு பண்ணினது என்ன?"

"குறைந்தது நாற்பது சதவீதம். 'குறைந்தது' போச்சு, 'வரை' வந்துச்சு. குறைந்ததுன்னா தரை, அதுக்குக் கீழ போக முடியாது. வரைன்னா கூரை, அதுக்கு மேல போக வேண்டாம். ஒரே ஒரு சதவீதம் வாங்கினாலும் அது நாற்பது வரைக்குள்ளதான். நிலக்கரிக்காரன் வீட்ல பால் பொங்கியிருக்கும். நம்ம தட்டச்சு அம்மா தலையில பழி விழுந்துச்சு. போதுமா?"

"நீ பாதிதான் பாத்திருக்கே. வார்த்தைய மாத்தினது ஏன்னு ஊருக்கே தெரியும். மாத்தினது யாருன்னு அந்த 'ப்' சொல்லும்." மேடத்தின் ஆள்காட்டி விரல் தாளில் ஊன்றியது. "வரை பெறப்படும்னு எழுதணும். அங்க ஒற்று மிகாது. இவன் 'வரைப் பெறப்படும்'னு அடிச்சிருக்கான். அந்த அம்மா அடிச்ச பழைய சுற்றறிக்கை முந்நூறு பாத்துட்டேன். முந்நூறுலயும் 'வரை' வருது, ஒண்ணுலயாவது பின்னால ஒற்று இருக்கா? இல்ல. இது அவங்க விரல் இல்லடா."

கோந்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததைக் காட்டிக்கொள்ளாமல், "ஆக, எவன் ஒற்றனோ அவன்தான் ஒற்று போட்டவன்" என்றான்.

"இந்த மாசத்துல நீ சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை."

விஷயம் ரொம்பச் சின்னது, அதனால்தான் கொடுமை. எரிசக்தி வாரியத்தின் தட்டச்சர் அந்த வரைவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்தார். எடுத்துப்போகக் கூடாது என்பது விதி. திங்கள் காலையில் வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. திங்கட்கிழமை மந்திரிசபை கையெழுத்துப் போட்டது, புதன்கிழமை கெஜட்டில் வந்தது. வியாழக்கிழமை யாரோ ஒருவர் கண் விழித்துப் படித்துவிட்டு, எவ்வளவு வாங்கினாய் என்று தட்டச்சரைக் கேட்டார். இன்று நாலு மணிக்கு விசாரணை. அதில் தோற்றால் வேலை மட்டும் அல்ல, கைநீட்டியவள் என்ற பெயரோடு படியிறங்க வேண்டும்.

"வீட்ல வேற யாரு மேடம்?"

"அண்ணன் ஒருத்தர். பரீட்சை கைடு எழுதறவர். நம்மகிட்ட கேஸைக் கொண்டுவந்தவரே அவர்தானே. அவர் லெட்டர் எங்கடா?"

"உங்க டீ கோப்பைக்கு அடியில. நாலு நாளா அங்கதான் குடியிருக்கு."

மேடம் கோப்பையைத் தூக்கிக் கடைசி மடக்கைக் குடித்தார். கடிதத்தையும் கெஜட்டையும் எடுத்துப் பைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். "வா. வெண்ணெய்கிட்ட போலாம்."

*

நிலக்கரி முதலாளிகள் சேர்ந்து நடத்தும் எரிபொருள் கூட்டமைப்பின் ஆலோசகருக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்தது பத்திரிகைக்காரர்கள். பேச்சு அப்படி வழுக்கும். சட்டசபைத் தாழ்வாரத்தில் அவர் தோளில் கை போடாத உறுப்பினர் கிடையாது. ஆறாவது மாடியில் அவர் அறைக் கதவைத் தட்டியபோது, எதிர்பார்த்திருந்தவர் மாதிரி எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மேடம். துப்பறியறவங்கன்னா எனக்கு ரொம்ப மரியாதை. சொல்லுங்க, நான் யாரைக் கொன்னேன்?"

"ஒரு வார்த்தைய" என்றார் மேடம்.

வெண்ணெய் மனதாரச் சிரித்தார். "மூணு வருஷம் மேடம்! அந்த நாற்பது சதவீதத்தை எதிர்த்து எத்தனை கருத்தரங்கு, எத்தனை மனு! வேலை போயிடும்னோம், விளக்கு அணைஞ்சிடும்னோம். எவனும் மசியல. இப்ப பாருங்க, நாங்களே ஆதரிக்கிறோம். பேனர்லாம் அடிச்சாச்சு. நாற்பது வரை போதும்னு அரசாங்கமே சொல்லும்போது நாங்க எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

"அந்தத் தட்டச்சு அம்மாவத் தெரியுமா?"

"பாத்ததே இல்ல. பாவம்னு கேள்விப்பட்டேன்." பாவம் என்ற சொல்லை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி கோந்து கேட்டதில்லை. கன்னத்தில் ஒன்று விடலாமா என்று கை அரித்தது.

மேடம் அசரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எனக்கு ஒரு பழக்கம். பெரிய மனுஷங்களப் பாத்தா அவங்க கையால ரெண்டு வரி எழுதி வாங்கிக்குவேன்."

"அதுக்கென்ன!" பேனா ஓடியது. *நாற்பது வரை போதும். தொழிலை காப்போம். உழைப்பவருக்கு கை கொடுப்போம்.*

மேடத்தின் முகம் சுருங்கியது, யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி. நன்றி சொல்லி வெளியே வந்ததும் தாளைக் கோந்துவிடம் தள்ளினார். "தொழிலைக் காப்போம்னு இருக்கணும். உழைப்பவருக்குக் கை கொடுப்போம்னு இருக்கணும். மிக வேண்டிய இடத்துலயே ஒற்று போடாத மகராசன், மிகாத இடத்துல தேடிப் போயா போடுவான்? இவன் இல்லடா. இவன் வாங்கினவன். வித்தவன் வேற."

தாழ்வாரத்தின் கோடியில் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தரையில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் புத்தகங்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கோந்துவின் மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பழைய தொழில் பாசம். குனிந்து ஒன்றை எடுத்தான். *பள்ளிகளுக்குக் கூட்டமைப்பின் அன்பளிப்பு* என்ற சீட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"எத்தனை புஸ்தகம்மா?"

"இருபதாயிரம் சார். நேத்துதான் வந்துச்சு. கோந்து தண்ணியா இருக்கு, ஒட்டவே மாட்டேங்குது."

"மைதா கொஞ்சம் சேருங்க" என்று இலவச ஆலோசனை சொன்னவன், அட்டையைப் பார்த்ததும் வாயை மூடினான். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினான்.

*

பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தது. கோந்து புத்தகத்தை மேடத்தின் மடியில் வைத்தான். அவர் அட்டையைப் பார்த்தார். பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கண கைடு. எழுதியவர், தட்டச்சரின் அண்ணன்.

"இருபதாயிரம் மேடம். நம்ம கட்சிக்காரர் கைடை நிலக்கரிக்காரன் மொத்தமா வாங்கியிருக்கான். நிலக்கரிக்கு எதுக்கு இலக்கணம்?"

மேடம் பக்கங்களைப் புரட்டினார். 'வரை' வருகிற இடமாகத் தேடித் தேடி நிறுத்தினார். பத்து நிமிஷம் கழித்து மூடினார். "சுத்தம். ஒரு இடத்துல கூட ஒற்று தப்பல."

"அப்ப அவரும் இல்லையா? சரி, கைடு நல்லா இருக்குன்னு வாங்கியிருப்பான். உலகத்துல நல்லது நடக்கவே கூடாதா என்ன?"

"கடைசிப் பக்கத்தைப் படி."

பொடி எழுத்தில் இருந்தது. *கணினித் தட்டச்சு: என் தங்கை.*

கோந்துவுக்குப் புரிய இரண்டு நிறுத்தம் ஆனது. "அவர் எழுதுவார், அந்த அம்மா அடிப்பாங்க. அடிக்கும்போதே…"

"திருத்தியிருக்கா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம திருத்தியிருக்கா. அதனாலதான், தப்பா எழுதறோம்னு அந்த மனுஷனுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. வாழ்க்கையில முதல் தடவையா, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், தங்கச்சி குளிக்கவோ எங்கயோ போன நேரத்துல, அவரே உக்காந்து ஒரு வரி அடிச்சிருக்கார்." மேடம் பைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்தார். நாலு நாளாய்க் கோப்பை உட்கார்ந்த இடத்தில் டீக்கறை வட்டமாகப் படிந்திருந்தது. வட்டத்துக்கு நடுவில் அண்ணனின் கையெழுத்து:

*விசாரணை நாள் வரைப் பொறுத்திருக்க இயலாது. தயவுசெய்து என் தங்கையைக் காப்பாற்றுங்கள்.*

"சரியா 'ப்' மேல வட்டம் போட்டிருக்கீங்க மேடம்" என்றான் கோந்து. அவன் சொன்ன ஜோக்குகளிலேயே இதுக்குத்தான் அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"நாலு நாள்! முந்நூறு சுற்றறிக்கை படிச்சேனே, என் கோப்பைக்குக் கீழ ஒரு தடவை பாத்தேனா?" மேடம் கடிதத்தை மடிக்கவில்லை. இறங்குமிடம் வரும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

*

வாரியத்தின் இரண்டாம் மாடி. விசாரணை அறைக்கு வெளியே நீள பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் தங்கைக்குக் காபி கொண்டுவந்த ஃபிளாஸ்க். மணி மூன்றே முக்கால்.

மேடம் கடிதத்தையும் கெஜட்டையும் அவர் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கைடை மேலே வைத்தார்.

அண்ணன் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஐயில முடிஞ்சா ஒற்று மிகும்ல?" என்றார் கடைசியில்.

"எல்லா ஐக்கும் மிகாது."

"நான் முப்பது வருஷமா மிகும்னுதான் எழுதறேன்." அவர் குரலில் முதலில் வந்தது வெட்கம். குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது, அதுவும் அரைகுறையாக. "ஒரே ஒரு வார்த்தைன்னு கூட்டமைப்புக்காரங்க சொன்னாங்க மேடம். எழுத்துப் பிழைன்னு விட்டுடுவாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. என் கைடை ஒரு கடைக்காரன்கூட வாங்கல. வீடு பூரா கட்டு கட்டாக் கிடந்துச்சு. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் என் பேர் இருக்கும்னாங்க."

"அப்புறம் எதுக்குய்யா எங்களக் கூப்பிட்டே?" கோந்துவால் பொறுக்க முடியவில்லை.

"தங்கச்சி அழுதா. ஏதாவது செய் அண்ணான்னா. ஏதாவது செய்யணும்ல?" அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "விசாரிச்சேன். இருக்கறதுலயே மட்டமான ஆளுங்க நீங்கதான்னாங்க. கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும் அண்ணா."

தட்டச்சர் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஐம்பதை நெருங்குகிறவர், விரல் நுனிகள் தட்டையாகிப்போன கைகள். "கெஜட் வந்த அன்னிக்கே தெரியும். அந்த 'ப்'ப எத்தனை ஆயிரம் தடவை அழிச்சிருப்பேன்! அம்மா அப்பா போனப்ப எனக்கு எட்டு வயசு. தலை பின்னி விட்டதுலேருந்து எல்லாம் நீதான். நீயா வந்து சொல்லுவேன்னு தினமும் பாத்துட்டிருந்தேன்."

அண்ணன் உடைந்தே போனார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு துடைத்துக்கொண்டு, "நீ உள்ள போம்மா. நான் முகம் கழுவிட்டு வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். உன் மேல சத்தியம்" என்றார்.

தட்டச்சரின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அதைப் பார்த்துக் கோந்துவுக்கே நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனுஷன் மேலேயா பாய்ந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

*

உள்ளே வாரியத் தலைவர், இரண்டு உறுப்பினர்கள், ஒரு சுவர்க்கடிகாரம். தட்டச்சர் உதவிக்கு இருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மேடமும் கோந்துவும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடம் எழுந்து ஒற்றின் கதையைச் சொன்னார். முந்நூறு சுற்றறிக்கை, ஒரே ஒரு 'ப்'. தலைவர் சுவாரசியமாகக் கேட்டார், குறிப்பெடுத்தார். இது எழுத்துப் பிழைதான் என்று நிரூபித்துவிட்டீர்கள் என்று பாராட்டவும் செய்தார்.

"இதே பிழை இந்தக் கடிதத்துலயும் இருக்கு." மேடம் அதை மேசையில் வைத்தார்.

தலைவர் டீக்கறையைத் தொடாமல் தாளைத் தூக்கிப் பார்த்தார். "இது யார் கையெழுத்தும்மா?"

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் தட்டச்சர். "எங்கண்ணன் வருவார். அவரே சொல்லுவார்."

காத்திருந்தார்கள். நாலு பத்து. நாலு பதினைந்து. ஒரு உறுப்பினர் கொட்டாவி விட்டார். மேடம் கண்ணைக் காட்ட, கோந்து வெளியே போனான்.

பெஞ்ச் காலியாக இருந்தது. குழாயடியில் ஆள் இல்லை. மாடிப்படியில் இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தான். இஸ்திரி போட்ட சட்டை தெருவைக் கடந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. கைடையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஃபிளாஸ்க் மட்டும் இருந்தது.

கோந்து திரும்பி உள்ளே வந்தான். தட்டச்சர் அவன் முகத்தைப் பார்த்தார், அதிலேயே எல்லாம் படித்துவிட்டார்.

"என்னுது சார்" என்றார். "கையெழுத்து என்னுது. அண்ணனுக்காக நான் எழுதினது."

"பொய்!" மேடம் குதித்து எழுந்தார். "கையெழுத்த ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு வரி எழுதச் சொல்லுங்க!"

"அவங்களே சொல்லிட்டாங்களேம்மா" என்றார் தலைவர். அவர் குரலில் இருந்த நிம்மதியை மறைக்க அவர் சிரமப்படவே இல்லை. "ஒப்புக்கிட்ட பிறகு ஒப்பிட என்ன இருக்கு? இன்னியோட பணிநீக்கம்."

"அப்ப 'குறைந்தது'? அதையாவது திரும்பப் போடுவீங்களா மாட்டீங்களா?"

"மந்திரிசபை கையெழுத்துப் போட்ட வாசகம் அது. பொருளைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல. எழுத்துப் பிழையத்தான் திருத்தலாம்." தலைவர் தன் குறிப்பைப் பார்த்தார். "நிரூபணமான பிழை ஒண்ணுதான் இருக்கு. அதை உடனே திருத்திடறோம். உங்க உதவிக்கு ரொம்ப நன்றி." பிறகு தட்டச்சரிடம் திரும்பி, "அஞ்சு மணிவரை நீங்க டியூட்டிலதான் இருக்கீங்க. இந்தத் திருத்தத்தை அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

அவர் அடித்தார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பெஞ்சில் இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்றான் கோந்து.

"வருவார்னு சொன்னேன்" என்றார் தட்டச்சர். "வரலைன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

அவர் படியிறங்கிப் போனார். மேடத்தின் போன் அடித்தது. வெண்ணெய். "மேடம், கேள்விப்பட்டேன். அந்த 'ப்' எங்களுக்கே உறுத்திட்டிருந்தது, பின்னால எவனாவது கோர்ட்டுக்குப் போனா அதைத்தான் பிடிச்சிருப்பான். சுத்தமா எடுத்துட்டீங்க. எங்க பிரசுரத்துக்கு ஒரு பிழைதிருத்துற ஆள் வேணும், வர்றீங்களா?"

மேடம் போனை அணைத்தார்.

கீழே வாசலில் பியூன் அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பசைக் கிண்ணம், ஒரு கையில் தாள். மேல் மூலை ஒட்டாமல் சுருண்டு சுருண்டு வந்தது. "சார், கொஞ்சம் இந்த மூலைய அழுத்திப் பிடிங்களேன்."

கோந்துவின் கை யோசிக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். உள்ளங்கையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்று போக நீவிவிட்டான். தாள் சுருக்கம் இல்லாமல் படிந்தது.

*திருத்தம்: 'வரைப் பெறப்படும்' என்பதை 'வரை பெறப்படும்' என்று வாசிக்கவும்.*

மேடம் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் படித்தார். ஒரு முறை படித்து முடித்து, இன்னொரு முறையும் படித்தார்.

"தப்பில்ல" என்றார்.